இருளாயி கேட்ட சீட்டு

இருளாயியைப் 'பாவம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாவமும் இல்லை, பரிதாபமும் இல்லை. பதின்மூன்று வருடம் ஒரு ஆளைத் தன் வயிற்றெரிச்சலிலேயே வைத்து வேகவிட்ட பெண் அவள். ஈப்போவில் எங்கள் தபால் வங்கிக் கிளையில் தரை துடைக்கிறாள். வயது அறுபத்திரண்டு. நான் அதே கிளையில் புகார் மேசைக்காரி, பெயர் பெட்ரீசியா. அவள் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல பங்கு இல்லை, இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் இருளாயி. அடுத்த லயத்து வரிசைவீட்டு இராமசாமியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். கொஞ்ச காலம் பால்மரம் வெட்டினாள். பிறகு பால் ஸ்டோருக்கு மாற்றினார்கள். பாலை உறைய வைக்கத் திராவகம் கலக்கிற வேலை, பதினாறு வருடம். ரப்பரை அழித்துத் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றியபோது எல்லாரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்துக் கிடைத்தது இருபத்தோராயிரம் வெள்ளி. வீடு வாங்கலாம் என்று அதைத் தபால் வங்கியில் போட்டார்கள், இருளாயி பெயரில். "பொம்பள பேருல இருந்தாத்தான் காசு தங்கும்" என்று சொன்னவர் இராமசாமியேதான்.

அந்த ஊரில் வங்கிக்குக் கிளை கிடையாது. மளிகைக் கடை பழனியப்பன்தான் முகவர். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து, இவர்கள் எல்லாருக்கும் சம்பளம் எழுதியவன். 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை, 'அவன்' என்றே சொல்கிறேன். கடை வாசலில் வங்கியின் பலகை, உள்ளே ஒரு மேசை, மேசைமேல் மைப்பெட்டி. எழுதத் தெரியாதவர்கள் பணம் எடுக்கிற சீட்டில் கைநாட்டு வைப்பார்கள். பக்கத்தில் அவன் சாட்சிக் கையெழுத்துப் போடுவான். தோட்டத்தில் காலம் காலமாக நடந்த வழக்கம்தான். கிராணி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஜனம் அது.

2011இல் வீட்டுக்கு முன்பணம் கட்ட இருவரும் அவன் கடைக்குப் போனார்கள்.

"கணக்கு கோசோங் லா. அறுவது வெள்ளிதான் கெடக்கு," என்றான் பழனியப்பன். கடை நிறைய ஆள். "போன மாசம் நீதானே வந்து எடுத்துட்டுப் போன, இருளாயி? கைநாட்டு வச்சியே?"

"நான் எங்க ஐயா வந்தேன்?" என்று அவள் பதறினாள்.

இருளாயியின் தம்பி ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் பிடிக்கிறவன். அந்த மாதம்தான் கடனுக்குப் படகு இன்ஜின் ஒன்று எடுத்திருந்தான். பழனியப்பனுக்கு அது தெரியும். இராமசாமியைப் பார்த்து, "மச்சானுக்குப் புது இன்ஜினாமே, காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டியா?" என்றான். அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி. அடப்பாவி, ஒரு குடும்பத்தைக் கெடுக்க அது போதாதா?

இராமசாமி அவனை நம்பினார். பெண்டாட்டி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தாள், அதை நம்பவில்லை. அதன் பிறகு ஐந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் தின்பார். உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். 2016இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "நான் எடுக்கலைங்க, ஒரு தடவை நம்புங்க" என்று அவர் காலைப் பிடித்திருக்கிறாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். பாடைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றவர்களில் பழனியப்பனும் ஒருவன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் ஈப்போவுக்கு வந்தாள், நேரே என் மேசைக்கு. இப்போது என் பங்கைச் சொல்கிறேன்.

"அந்தச் சீட்டை எனக்குக் காட்டுங்க, போதும்," என்றாள். நான் காட்டவில்லை. காட்டவும் முடியாது. எங்கள் வங்கிக்கு அப்போது தனிச் சட்டம். தபால்காரன் சேமிப்புக் கணக்கு எழுதிய காலத்தில் போட்டது. நாட்டில் மற்ற வங்கிகளைக் கட்டிப்போட்ட விதி எதுவும் எங்களைத் தொடாது. முகவர் சாட்சி போட்ட சீட்டே முடிவான ஆதாரம். அந்தச் சீட்டை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே போய் முறையிடவும் வழி இல்லை. நாங்களே திருடி, நாங்களே விசாரித்து, நாங்களே தீர்ப்புச் சொல்கிற ஏற்பாடு. நான் மலாயில் ஒரு கடிதம் அடித்தேன், 'புகார் முடிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினேன், அவள் கேட்டதால் தமிழில் வாசித்தும் காட்டினேன்.

அவள் அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "இங்க கூட்டுற வேலை இருக்கா?" என்று கேட்டாள்.

வயிற்றுப்பாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துத் துப்புரவு குத்தகைக்காரரிடம் நானே சொல்லிச் சேர்த்துவிட்டேன். எத்தனையோ நாள் கழித்துத்தான் காரணம் சொன்னாள். "அந்தச் சீட்டு உங்க ஆளுங்ககிட்டதானே இருக்கு? அது இருக்குற எடத்துலயே நானும் இருக்கேன். ஒரு நாள் வெளிய வராமயா போயிடும்?" ஏழு வருடம் பதிவறை வாசலைத் துடைத்தாள். ஒரு நாள்கூடக் கதவில் கை வைத்ததில்லை. ஆனால் ஆயர் தாவாரிலிருந்து யார் வந்தாலும், "கிராணி நல்லாருக்கானா?" என்று விசாரிப்பாள். நன்றாக இருக்கிறான், கோயில் தலைவராகிவிட்டான் என்று சொன்னால், "இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். ஆளு உசுரோட இருக்கணும்," என்பாள்.

2024இல் சட்டம் மாறியது. தபால் வங்கியின் சட்டத்தைத் திருத்தி, நாட்டின் வங்கி விதிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து படம் போட்டு விளக்கினார். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த இருளாயி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முகவரின் கையெழுத்து இனி முடிவான ஆதாரம் இல்லை என்றார் அதிகாரி. வாடிக்கையாளர் தன் சீட்டைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பழைய புகாரையும் ஒரு வருடத்துக்குள் மறுபடி திறக்கலாம், கிளையைச் சேராத தனிப் பிரிவு விசாரிக்கும். அப்புறம் முகவர்கள் எல்லாரும் புதிதாகக் கைரேகை பதிய வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் துடைப்பம் இல்லை.

"பெட்ரீசியா, இப்ப குடுப்பீங்கதானே?"

மூன்று வாரத்தில் சீட்டு வந்தது. மங்கிய மஞ்சள் தாள், இருபதாயிரத்துச் சொச்சம், கீழே கைநாட்டு, பக்கத்தில் பழனியப்பனின் கையெழுத்து. இருளாயிக்கு எழுத்துப் புரியாது. அவள் கைநாட்டை மட்டும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு வெரலு? வரி வரியா அழகா இருக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவள் என் மைப்பெட்டியை இழுத்து, வலது கட்டைவிரலைத் தோய்த்து, ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினாள். கறுப்பாக ஒரு அப்பல். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. இடது விரலும் அப்படித்தான். பதினாறு வருடத் திராவகம் ரேகையை மொத்தமாகத் தின்றுவிட்டிருந்தது. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம்.

கர்த்தரே என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன். அந்தக் கைகள் அப்பிய அப்பல்களை வருடக்கணக்காகச் சம்பளப் புத்தகத்தில் பார்த்தவன் பழனியப்பன். அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பேனா பிடித்த தன் விரலை மையில் தோய்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. சீட்டை யாரும் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது எங்கள் சட்டம், அதற்கு முத்திரை குத்தியது நான்.

தனிப் பிரிவு, முகவர்கள் புதிதாகப் பதிந்த ரேகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ரேகை அவனுடையதேதான். அவனுக்குக் கடிதம் போனது. பதினான்கு நாளில் விளக்கம் தர வேண்டும், அதற்குள் புகார்காரரே வாபஸ் வாங்கினால் கோப்பு மூடப்படும் என்று அதில் ஒரு வரி. நான்காம் நாளே ஆள் ஈப்போவில்.

மதியம். பின்மாடிப் படியில் இருளாயி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில். பழனியப்பன் சட்டைப்பையிலிருந்து தடித்த உறை ஒன்றை எடுத்தான்.

"இருளாயி, பழைய கதை லா இது. அப்ப கடை முழுகிப் போற நெலம. தப்பு நடந்து போச்சு."

"தானா நடந்துச்சா, நீ நடத்துனியா?"

"சரி, நான்தான். அறுவதாயிரம் இருக்கு. வாபஸ் வாங்கிரு. இந்த வயசுல என்னைய உள்ள தள்ளி என்ன பண்ணப் போற?"

அவள் உறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஞாயித்துக்கெழம அவரு குழிக்கு வா. நான் எடுக்கலன்னு அவருகிட்ட உன் வாயால சொல்லு. அப்புறம் பேசலாம்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. மலிவாக முடிந்தது என்று நினைத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை என் காரில்தான் போனோம். பழைய தோட்டத்து இடுகாடு செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. மண்பாதையில் ஏகப்பட்ட கார், மோட்டார் சைக்கிள். அந்த வாரம் முழுக்க அவள் பழைய தோட்டத்து ஜனங்களுக்கு ஆள் ஆளாகப் போன் போட்டிருக்கிறாள். தைப்பிங்கிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், நாற்பது பேருக்குக் குறையாது. வேட்டி சட்டையோடு வந்து இறங்கிய பழனியப்பன் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னா இது? இவ்வளவு பேரா?"

"உன் கடையில என்னைய திருடின்னு சொன்னப்ப எத்தன பேரு நின்னாங்க? வா கிராணி, வெயில் ஏறுது."

குழிக்கு முன்னால் போய் நின்று முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள் இருளாயி. "அவரு கீழ இருக்காரு லா. சத்தமா சொல்லு."

"இராமசாமி... காசை இருளாயி எடுக்கல."

"பின்ன யாரு எடுத்தா?"

அவன் கோயிலில் தலைவர் நாற்காலியில் உட்காரும்போது எதிரே உட்கார்கிற முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான்தான் எடுத்தேன். என் வெரல வச்சு நான்தான் எடுத்தேன்!" கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

பிறகு அவன் எழுந்து, மடியிலிருந்து வாபஸ் பாரத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். "பேசலாம்னு சொன்னியே."

"பேசுறேன்," என்று அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கதானே? வெசாரண ஆபிசரு புதன்கெழம வாராரு. இப்ப காதுல விழுந்தத அப்படியே அவருகிட்ட சொல்லுங்க."

"அடிப்பாவி, வாபஸ் வாங்குறேன்னியே!"

"எப்ப சொன்னேன்? பெட்ரீசியா, நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்லையே," என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

அவனை யாரோ கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டமும் கலைந்தது. நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். இப்போதாவது அழுவாள் என்று நினைத்து நான் சற்றுத் தள்ளி நின்றேன். இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷன் குழிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றாள். "ஊரான் சொன்னத நம்புனீங்க. கூடப் படுத்தவ சொன்னத நம்பல. அஞ்சு வருஷம் என்கிட்ட பேசாமயே இருந்துட்டுப் போனீங்க. அவனுக்கு உண்டானத சட்டம் குடுக்கும். உங்களுக்கு உண்டானத நான்தானே குடுக்கணும்? இனிமே நான் உங்ககிட்ட பேச மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வாங்கிவந்த பூவும் சூடமும் பையிலேயே இருந்தன.

பழனியப்பனின் முகவர் உரிமம் போனது, கோயில் பதவி போனது, இப்போது போலீஸ் வழக்கு நடக்கிறது. கடை வாசலில் வங்கிப் பலகையைக் கழற்றுகிற அன்று அவள் அரைநாள் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய், எதிர்க்கடையில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி ஆணி கழலும்வரை பார்த்துவிட்டு வந்தாள். பணம் வட்டியோடு அவள் கணக்கில் ஏறியது. நானே என் கையால் ஏற்றினேன்.

செப்டம்பரில் இராமசாமியின் திதி வந்தது. வருடா வருடம் தவறாமல் படையல் போடுகிறவள் ஆயிற்றே என்று, "அக்கா, லீவு எழுதிக் குடுக்கவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மாடிப்படியைத் துடைக்கப் போனாள்.