பாதிப் படியில் சித்தி

சித்தியின் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மதுரைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை. அதற்குள் இரண்டு குடும்பமும் ஒருநாள் எங்காவது சேர்ந்து போய்வரலாம் என்று அவருடைய அம்மா சொல்லியனுப்ப, அப்பா பன்னர்கட்டா என்றார். காடும் பார்க்கலாம், மலையும் ஏறலாம். மலை வேண்டாமே என்று அம்மா முணுமுணுத்தாள். புளிசோறு கட்டச் சோம்பல்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

ஆனேக்கல் வழியாக வேனில் போனோம். கம்பிவலை போட்ட வண்டியில் உட்கார்ந்து, மரத்தடியில் தூங்கும் சிங்கத்தைப் பார்த்தோம். பிறகு மாப்பிள்ளையின் அம்மா மலைப்படிகளைக் காட்டி, உச்சியிலிருந்து காடு முழுக்கத் தெரியுமாமே என்றார். அம்மா கால்வலி என்றாள்.

"நீங்க இருங்க. நாங்க ஏறிட்டு வாரோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பாதிப் படியில் சித்தி உட்கார்ந்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது. மாப்பிள்ளை தண்ணீருக்காகக் கீழே ஓடினார். அவருடைய அம்மா என்னிடம் குனிந்தார்.

"சித்திக்கு என்ன கண்ணு பண்ணுது?"

பெரியவர் ஒருவர் என்னிடம் விவரம் கேட்டது அதுதான் முதல்முறை.

"பயப்படாதீங்க பாட்டி. சின்னதுல இருந்தே இப்பிடித்தான். பெங்களூர் டாக்டரு மாத்திரை குடுத்துருக்காரு. போட்டுக்கினா செரியாப் போயிடும்."

சித்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு, இறங்கலாம் என்றார். திரும்பும்போது வேனில் ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது.

மறுவாரம் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்கிறார்கள் என்று, உள்ளேகூட வராமல் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னை இழுத்து முதுகில் அறைந்தாள்.

"வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியாடி?"

எதற்கு அடி என்று தெரியாமல் அலறினேன். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சித்தி அதற்குப் பிறகு மூன்று வருஷம்தான் உயிரோடு இருந்தாள். அந்த மூன்று வருஷத்தில் ஒருதரம்கூட அதைப்பற்றி என்னிடம் கேட்டதில்லை. அம்மா என்னை அடித்த அன்றைக்கும் அவள்தான் குறுக்கே வந்தாள்.

"உடு அக்கா. அவ பொய்யா சொன்னா? நாமதான் முன்னாடியே சொல்லிருக்கணும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சித்தி என் கட்சி என்று எனக்கு ஒரே பெருமை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மாவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பழிப்புக் காட்டியதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அவசரமாக நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.