அம்மாவின் இடது கை

அம்மா இருபத்திரண்டு வருடம் ஒரே டீசல் பிக்கப்பில் கண்ணாடி லோடு அடித்தாள். அதில் பின்பாதி முழுக்க வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியர் ராடில். அந்த இடது கையை நான் பதினோரு வருடம் திட்டினேன்.

போன மாதம் இறந்துவிட்டாள். வண்டி இனி சித்திக்கு. ரத்த உறவு இல்லை. அம்மாவோடு பதினாறு வருடம் கண்ணாடி ஏற்றி இறக்கியவள். ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஒருமுறை கண்ணாடி கிழித்ததில் இடது கையில் பிடிப்பு குறைவு. இந்த வண்டியோ இறக்கத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அம்மா ராடை அழுத்திப் பிடித்தே இறக்குவாள். சித்தியால் முடியாது. திங்கட்கிழமை முதல் லோடு. அதற்குள் கியர் பாக்ஸைச் சரிசெய்தாக வேண்டும்.

காரணம் தெரியும் என்றுதான் வந்தேன். ராடில் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால், உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் தேயும். தேய்ந்தால் கியர் முழுதாக உட்காராது. தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. புது ஃபோர்க்கைப் பையிலேயே கொண்டுவந்திருந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன், டிப்ளமா படித்தபோது, ஒரு விடுமுறையில், இதே பாக்ஸை நான் பிரித்திருக்கிறேன். இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம். அம்மா ஷெட்டில் சாக்கு விரித்து, சாமான்களைப் பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து வைத்தாள். பூட்டினேன், சத்தம் போனது. ஒரு வாரம் கழித்துப் போனில், கியர் நழுவுது என்றாள். கையை ராடிலேயே வைத்திருப்பாய், வைக்காதே என்றேன். சரிடி என்றாள். அடுத்த முறை வந்தபோதும் கை அங்கேயேதான் இருந்தது. படம் வரைந்து விளக்கினேன். அதற்கும் சரிடி.

லோடு கொடுக்கும் கண்ணாடிக் கடைக்காரர், வண்டிதான் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுது என்று கேலி செய்வார். அம்மாவும் சிரிப்பாள். வேகத்தடையில் நடை வேகத்துக்கு வந்துவிடுவாள். பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடித்தால், அடிக்கட்டும், ஹார்ன் உடையாது என்பாள். தெருக்களை ஜன்னல்களை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம். அந்த மூணாவது மாடி நீலக் கண்ணாடி நான் கொண்டுவந்தது என்று காட்டுவாள்.

சனிக்கிழமை காலை ஆயிலை வடித்து, சித்தி ஒரு பக்கம் தாங்க, பாக்ஸைப் பழைய டயர் மேல் இறக்கினோம். ஃபோர்க்கை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் வரை தேய்ந்தாலும் பாதகமில்லை. தேய்ந்திருந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். வாங்கி வந்த ஃபோர்க்கின் உறையை நான் பிரிக்கவில்லை.

ஃபோர்க்குகள் மூன்று தண்டுகளில் நகரும். கியர் விழுந்த இடத்தில் தண்டு நிற்பதற்காக அதில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு எஃகுக் குண்டு, குண்டை அழுத்த ஒரு ஸ்பிரிங், மேலே போல்ட். முதல் போல்ட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங் வந்தது, காந்தக் குச்சியை உள்ளே விட்டதும் குண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தது மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான தண்டு. ஸ்பிரிங் வந்தது. காந்தம் வெறுமனே வந்தது. திரும்ப விட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை.

அந்தப் போல்ட்டைக் கடைசியாக முறுக்கியது நான்தான்.

கை வைத்ததால் கியர் நழுவவில்லை. நழுவியதால் கை வைத்தாள். அந்தக் குண்டின் வேலையை அவள் கை பதினோரு வருடம் செய்திருக்கிறது.

பற்சக்கரங்களை டீசலில் கழுவிக்கொண்டிருந்த சித்தியிடம் சொன்னேன். அவள் நிமிரவில்லை. பிரித்துப் பார்க்கிறேன் என்று மெக்கானிக் ஒருவர் இரண்டு முறை கேட்டாராம்.

"உங்கம்மா விடலை. என் பொண்ணு பூட்டினது, அவ வந்து பார்ப்பான்னுட்டாங்க."

"என்கிட்ட வந்து பாருன்னு கேட்கவே இல்லையே சித்தி."

"கியர் நழுவுதுன்னு சொன்னாங்கல்ல?"

பேரிங் கடையில் அதே அளவுக் குண்டு கிடைத்தது. தேய்ந்த பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றினேன். ஒவ்வொரு குழியிலும் குண்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பிரிங்கை வைத்தேன்.

ஞாயிறு மதியம் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கும் இறக்கத்துக்குப் போனோம். சித்தி ஓட்டினாள். மூன்றாவது கியர், ஆக்ஸிலேட்டரை விட்டாயிற்று. எஞ்சின் வண்டியின் வேகத்தைப் பிடித்து இழுத்தது. சித்தியின் இடது கை ராடைப் பற்றியிருந்தது.

"கையை எடுங்க சித்தி."

எடுத்தாள். ராடு நடுங்கியது, நகரவில்லை. அடிவாரம் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம். ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று சித்திக்குத்தான் முதலில் நினைவு வந்தது.

"தப்பு என்னோடது," என்றேன். "அம்மா கை மேல தப்பே இல்லை."

"அதைக் கடைக்காரர்கிட்ட சொல்லு. அவர்தான் இன்னும் கேலி பண்றார்."

திங்கட்கிழமை நானும் போனேன். முதல் கண்ணாடியை ஏற்றுவதற்கு முன்பே அவரிடம் சொன்னேன்.