கூடாரத் திரையும் கரோல் பாக் ஸ்வெட்டரும்

அந்தப் புத்தாண்டு காலை ஆராதனையில் நான் பொய் சொன்னேன். வாயால் அல்ல, எழுந்து நின்று. எங்கள் தில்லி தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம்: போன வருடம் வேதாகமத்தை முழுதும் வாசித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் கைதட்டுவார்கள். என் வரிசையில் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன். வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தில், ஆராதனைக் கூடாரத்தின் அளவுகள் வரும் இடத்தில் தூங்கிப்போனவள் நான். அதுவும் தொடர்ந்து மூன்றாவது வருடமாக! திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர், "எப்ப முடிச்சே? சொல்லவே இல்லையே?" என்று சிரித்தார். வெட்கத்தில் உடம்பே கூசியது.

இந்த வருடம் நிஜமாகவே முடிப்பது என்று மறுநாளே வேதாகமத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். கரோல் பாக் குளிருக்கு ஜனவரி வெயிலை விட்டால் வேறு கதியில்லை. கீழ் வீட்டு மாமி ஏற்கெனவே பாய் விரித்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். தில்லியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

"மனசுக்குள்ளயே என்ன படிக்கறே? உரக்கத்தான் படியேன், எனக்கும் பொழுது போகும்."

படித்தேன். சத்தமாகப் படித்தால் தூக்கம் வராது என்பது முப்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சில நாள் கழித்துக் கூடாரம் வந்தபோது நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன்.

"ஏய், நடுவுல என்னத்த விட்டே?"

"வெறும் திரைச்சீலை அளவு மாமி. போரடிக்கும்."

"அச்சா, அதை நான் சொல்றேன். நீ படி."

இருபத்தெட்டு முழ நீளம், நாலு முழ அகலம், நீலமும் சிவப்புமாக நூல், ஓரத்தில் கோத்து மாட்ட ஐம்பது காதுகள். மாமி ஊசிகளை மடியில் வைத்துவிட்டார்.

"இரு, இரு. அப்போ அடுத்த துணியிலயும் அதே ஐம்பது இருக்கணும். இல்லேன்னா கோணிண்டு நிக்கும்."

அடுத்த வரியில் அப்படியே இருந்தது. மாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். மூன்று வருடம் நான் தூங்கிய பக்கம் அது!

வம்ச வரலாறுகளில் யார் யாருடைய பிள்ளை என்று மாமிக்குத் தெரிந்தாக வேண்டும். மே மாதம் கூலர் இரைச்சலுக்கு மேல் கத்திப் படித்தேன். நான் சோம்பினால், "ஜல்தி வா, அந்த ராஜா என்ன ஆனான்?" என்று கீழிருந்து குரல் வரும். டிசம்பர் கடைசி வாரம் முடித்தோம். போன புத்தாண்டில் எழுந்து நின்ற பொய்யையும் அன்று மாமியிடம் சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவை நன்னா நிமிர்ந்து நில்லு. நான் வந்து பாக்கறேன்" என்றார்.

புத்தாண்டு காலை புது ஸ்வெட்டரில் சபைக்கு வந்தார். போதகர் கேட்டதும் எழுந்தேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. திரும்பினால், நெற்றிக் குங்குமத்தோடு மாமியும் எழுந்து நிற்கிறார். சபையே எங்களைப் பார்த்தது.

"மாமி, படிச்சவங்கதான் நிக்கணும்" என்று கிசுகிசுத்தேன்.

"ஒரு வரி விடாம கேட்டிருக்கேன். நாலு பக்கத்தைத் தாண்டப் பாத்தவ நீ. நீ நிக்கலாம், நான் நிக்கப்படாதா?"