பக்கத்து அறைக் கதவு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு அரைடாக்டர் என்று பெயர். வைத்தது மருந்து கொடுக்கிறவர். டாக்டரின் வெள்ளைக் கோட்டு முழங்கால் வரை வரும். அவளுடையது இடுப்போடு நின்றுவிடும். பட்டப்பெயருக்கு அது போதாதா? தனிப் படிப்புப் படித்து, டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க அனுமதி வாங்கியவள். சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக் கதவைத் தட்டி அவரைக் கேட்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரிடமும், "நான் டாக்டர் இல்லீங்க, டாக்டருக்கு உதவி" என்று சொல்லிவிட்டுத்தான் நாடி பிடிப்பாள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் "அப்ப டாக்டரையே கூப்பிடு" என்று மல்லுக்கு நின்றார்கள். வாசல் வரை வரிசை நிற்கும்போது இந்தப் பஞ்சாயத்துக்கு எங்கே நேரம்? ஒன்பது வருடத்தில் அந்தப் பேச்சு தானாகத் தேய்ந்து போயிற்று. "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஆள், மூன்று ஆள் வேலை. காலையிலேயே ஒரு கட்டு வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவளிடம் தந்துவிடுவார். மருந்தை அவள் எழுதிக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு தடவை கதவைத் தட்டிவிட்டாள். ஆறாவது தடவை டாக்டர் எரிந்து விழுந்தார்.

"எல்லாத்துக்கும் என்கிட்ட வந்து நின்னா, நீ எதுக்கு இருக்கே?"

வெளியே நின்ற நர்ஸ் காதிலும் விழுந்தது. அரைடாக்டர் முகம் செத்துப்போயிற்று.

அடுத்து வந்தவள் ஒரு தையல்காரி. கணவன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். அரைடாக்டருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. எழுந்து கதவு வரை போனாள், கையையும் தூக்கினாள். தட்டவில்லை. திரும்பி வந்து, கையெழுத்துப் போட்ட சீட்டில் வலி மாத்திரை எழுதி, "தசைப்பிடிப்புதான், சரியாயிடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தையல்காரி போய்ச் சேர்ந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது.

டாக்டர் அரைடாக்டரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "சீட்டுல என் கையெழுத்து இருக்கு. டாக்டர் பாத்த கேஸ்னே இருக்கட்டும். நீ வாயைத் திறந்தா உன் வேலை போயிடும், என் தலையும் உருளும்."

திங்கட்கிழமை, இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த கணவன் அவள் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தான்.

"டாக்டரே பாத்துட்டாங்க, இனிமே பயமில்லைன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. உங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. அவ விதி."

அவள் தலையாட்டி அனுப்பியிருக்கலாம். அந்த மனுஷனும் மனம் ஆறி வீடு போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் பழைய பேச்சு எங்கிருந்தோ வாயில் வந்துவிட்டது.

"நான் டாக்டர் இல்லீங்க. டாக்டருக்கு உதவி."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப, அன்னைக்கு டாக்டர் லீவா?"

"இல்லீங்க. இருந்தாரு."

"எங்க?"

அவள் கதவைக் காட்டினாள். மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கதவையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். நாலு எட்டுத்தான் இருக்கும்.

"தட்டினா திறக்க மாட்டாராம்மா?"

"திறப்பாருங்க" என்றாள்.