நோரா தூசி என்று தள்ளிய நட்சத்திரம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கும் நோராவுக்கு ஆபீசில் நல்ல பெயர், வீட்டில் கேலிப் பெயர். "வானத்துல ஒரு நட்சத்திரம் நகர்ந்தா எங்க நோராவுக்குத் தெரிஞ்சிடும். அடுப்புல பால் பொங்கறது மட்டும் தெரியாது" என்று கணவர் ஜாய்சன் சர்ச் வாசலில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நோராவும் சேர்ந்து சிரிப்பார். பால் விஷயத்தில் ஜாய்சன் சொல்வது உண்மைதான்.

வேலையில் மட்டும் அந்த அம்மாளிடம் யாரும் விளையாட முடியாது. நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன, தூரத்தால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பல பத்தாண்டுகளுக்கு முன் கண்ணாடித் தட்டில் எடுத்த வானத்தின் படத்தையும் இன்றைய படத்தையும் கணினியில் ஒப்பிட்டு, எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பட்டியல் போடுவதுதான் நோராவின் உத்தியோகம். பெரும்பாலானவை மயிரிழைகூட நகர்ந்திருக்காது. அந்த மயிரிழையையும் பங்கு போட்டு அளக்கிற பொறுமை நமக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

தென்வானத்தின் ஒரு துண்டுக்கான பட்டியல் முடிந்து, வெள்ளிக்கிழமை வெளியாவதாக அறிவித்தாயிற்று. முதல் பெயர் நோராவுடையது. மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. போவதற்குள் அது வெளிவந்து பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தட்டில் படம் எடுத்த அன்று தொலைநோக்கி லேசாக வழுக்கியிருந்தது. அதனால் அதில் எல்லா நட்சத்திரமும் வட்டமாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சற்று நீண்டு விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி, 'தூசி' என்று குறித்து ஒதுக்கியது. அதுவும் அதே பக்கமாக நீண்டிருந்தது. தூசி தட்டின் மேல் ஒட்டிக் கிடப்பது; தொலைநோக்கி வழுக்கினால் அது ஏன் நீள வேண்டும்?

பழைய இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடு, இன்றைய படத்தில் அதற்குள் நட்சத்திரம் அகப்படாவிட்டால் தூசி என்று தள்ளு: கணினிக்கு இந்த விதியைக் கொடுத்தவரே நோராதான். இப்போது வட்டத்தைப் பெரிதாக்கினார். ஒரு கடுகளவு தள்ளி அந்த நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது. அதே மாதிரி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. படுவேகமாக ஓடியவை எல்லாம் வட்டத்தைத் தாண்டிப் போய், பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டிருந்தன.

நேராகத் துறைத் தலைவர் வெங்கடகிருஷ்ணனின் அறைக்குப் போனார்.

"ஏனாயித்து நோரா, என்ன ஆச்சு? முகமே சரியில்லையே."

நோரா நடந்ததைச் சொன்னார். வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரு ஃபுட்நோட் போட்டு விட்டுடலாமே. அடுத்த வெர்ஷன்ல சேத்துக்கலாம். இப்ப நிறுத்தினா நீங்க இருக்கறப்ப வராது, தெரியுமில்ல?"

"தெரியும் சார். எது ஓடுதுன்னு சொல்றதுக்குத்தானே இத்தனை வருஷம் உக்காந்தோம்? நல்லா ஓடினதை எல்லாம் தூசின்னு தள்ளிட்டு, இதை எப்படி சார் கொடுக்கறது?"

வெங்கடகிருஷ்ணன் போனை எடுத்து வெளியீட்டை நிறுத்தச் சொன்னார்.

பிரிவு உபசாரத்துக்குச் சால்வை இருந்தது, கேக் இருந்தது, பட்டியல் இல்லை. வெங்கடகிருஷ்ணன் எழுந்து சுருக்கமாகப் பேசினார். "இவங்க பேர்ல வர்ற நம்பரை நான் கண்ணை மூடிட்டு நம்புவேன். ஏன்னு யாராவது கேட்டா, இன்னிக்கு இந்த மேஜை மேல இல்லாத பட்டியலைத்தான் காட்டுவேன்."

நோரா எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். சம்பளமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, தூசி என்று தான் தள்ளியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்தார்.