பூஜைக்கு வைத்த அச்சு

கொல்லங்கோட்டை அடுத்த பொறியியல் கல்லூரியொன்றில் நான் துறைத்தலைவராக இருந்தபோது, எங்கள் ஆய்வகத்தின் உயிர்நாடி ஓர் அஞ்சல்தலை அளவேயான சிலிக்கான் அச்சு. அதன் ஒரு பக்கத்தில் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. எலும்பில் பொருத்தும் டைட்டானியத்தில் அவ்வரிகளைப் பதித்தால் எலும்புச் செல்கள் நன்கு பற்றி வளரும் என்பது என் மாணவியின் ஆய்வு. வெளியூர் ஆய்வுக்கூடமொன்றில் நெடுநாள் காத்திருந்து அவள் செய்வித்துக் கொணர்ந்த அச்சு அது. இன்னொன்றுக்கு வழியில்லை. விஜயதசமியன்று அதைக்கொண்டு டைட்டானிய வில்லைகளில் வரிகள் பதித்து, கோயம்புத்தூரிலிருந்து வரும் மருத்துவரிடம் கொடுப்பதாக என் வாக்கு.

முந்தைய மாலை ஆயுதபூஜை. மற்றக் கருவிகளோடு அச்சையும் மாணவி சந்தனப் பொட்டிட்டு வைத்திருந்தாள். பூஜைக்கு வைத்த பொருளை, மறுநாள் பூஜை முடித்து எடுக்கும் பூஜையெடுப்பு வரை எவரும் தொடலாகாது. அவ்விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

தீபாராதனைத் தட்டு சுற்றி வருகையில் அச்சின்மேல் சுடரொளி சாய்ந்தது. சந்தனப் பொட்டைச் சுற்றி மெல்லிய வானவில் தெரிந்தது. வரியற்ற பின்பக்கம் வெறும் கண்ணாடியாகத்தான் மின்னும்; வானவில் எழுந்தால் அது வரிப்பக்கம்.

மாணவியை அருகழைத்தேன். "எந்தப் பக்கம்மா பொட்டு வெச்சே?"

"பின்பக்கந்தானுங்க சார்..." என்றவள், தானும் குனிந்து பார்த்தாள்.

சந்தனம் ஓரங்களில் உலர்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. வரிகளுக்குள் இறுகிவிட்டால் எந்தத் திரவத்தாலும் முழுதும் எடுக்க முடியாது. துறையே கைகூப்பி நின்றது. நான் இடுக்கியால் அச்சை எடுத்தேன்.

"சார், பூசைக்கு வெச்சதுங்க," என்றார் ஆய்வக உதவியாளரான அம்மாள். "போன வருசம் ஒரு திருப்புளிய எடுத்ததுக்கு என்னைய அத்தன பேரு முன்னால நிக்கவெச்சுக் கேட்டீங்க."

"கேட்டேன். இப்ப வழிய விடுங்க."

பக்கத்து அறையில் நீரில் அலசி, கரைப்பானில் இட்டு, ஒலியதிர்வால் அழுக்ககற்றும் அல்ட்ராசோனிக் தொட்டியை இயக்கினோம். அதன் இரைச்சலை மீறி வெளியே முணுமுணுப்பு கேட்டது. மாணவி தொட்டியைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. வெளியே எடுத்து உலர்த்தி, விளக்கடியில் சாய்த்தாள். நிறங்கள் எழுந்தன. ஒரு மூலை மட்டும் மங்கலாகவே நின்றது. மீண்டும் இட்டோம். மூலை தெளியவில்லை.

"நாளைக்கு அந்த மூலைய ஒதுக்கிட்டு அழுத்து. ஏன் ஒதுக்கினோம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றேன்.

வெளியே வந்தபோது அனைவரும் காரணத்துக்காகக் காத்திருந்தனர். சொன்னால் அவள் பெயர் வரும். நான் சொல்லவில்லை.

அந்த அம்மாள்தான் கேட்டார். "அப்ப தெய்வகுத்தம் ஆருக்குங்க சார்?"

"துறைத்தலைவருக்கு."

எப்போதும் முதலில் என்னிடம் நீளும் பொரிகடலைத் தட்டு அன்று எனக்குக் கடைசியாகத்தான் வந்தது.