பனிப்பூதங்களின் நான்காம் பாகம்

ஐப்பசியில் என் மனைவி நூலகத்திலிருந்து ஒரு தொடர்கதையை எடுத்துவரத் தொடங்கினாள். நான்கு பாகங்கள். பனி ஓயாத ஒரு மலைநாட்டில் பூதங்களுக்கும் தேவதைகளுக்கும் நடக்கும் சண்டை. தறியை விட்டு எழுந்தால் அதிலேதான் கிடந்தாள்.

நான் தறி வேலை போக மிச்ச நேரத்தில் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்து, எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு என்று குறித்துவைக்கிறவன். கார்த்திகையில் அது விஷயமாக இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க நினைத்து, "எங்க வீட்ல இன்னும் பூதக்கதை படிக்கிற வயசு தாண்டல" என்றேன். சிரித்தார்கள். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை, இன்னும் திறக்காத நான்காம் பாகத்தை என் கையில் கொடுத்து, "திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள்.

கொடுப்பதற்கு முன் கொஞ்சம் புரட்டினேன். காலக்கணக்கு எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று பார்க்கத்தான். அபத்தமாக இல்லை. ஒவ்வொரு பனிக்காலமும் முந்தையதோடு பிசகாமல் பொருந்தியது. முதல் மூன்று பாகங்களை நூலகத்திலேயே உட்கார்ந்து முடித்தேன். நான்காவதை என் பெயரில் எடுத்துவந்து, கல்வெட்டுத் தொகுதிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தேன்.

மார்கழியில் தறியில் ஒரு கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்ய வேண்டும். உடலுக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவை நான் எறிவேன். கரையின் நாடாவை அவள் எறிவாள். எதிரே அவள் தங்கை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மனைவி, பாதியில் விட்ட கதையைச் சொன்னாள்.

"மூணாவது முடியறப்ப ஏரி உறைய ஆரம்பிக்குதுடி. அந்தப் பனியிலயே சின்ன தேவதை தப்பிச்சி ஓடியாந்திருப்பா."

"அந்தப் பனியில இல்ல," என்றேன். "அடுத்த பனிக்காலம். கிழட்டு பூதம் செத்தப்புறம்."

தறி நின்றது.

"அய்ய! மாமாவும் பூதத்துங்ககூட குடித்தனம் பண்ணிக்கினுதான் இருந்திருக்காரு," என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அது எந்த ராசா காலத்துக் கல்வெட்டு மாமா?"

என் மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கிழட்டுப் பூதம்தான் அவளுக்குப் பிடித்தது. மூன்றாம் பாகத்தில் அதற்குக் காயம்பட்டதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டவள்.

"அது செத்துடுதா?"

நான் தறியைப் பார்த்தேன்.

"புக்கு எங்க இருக்குது?"

சொன்னேன்.

"சாயங்காலம் எடுத்துக் குடுங்க. இப்ப நாடாவ எறிங்க, கரை நிக்குது."

மாலையில் தெரு பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து, அட்டையை மறைக்காமல் படித்தாள். எதுவரை வந்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புரட்டிய பக்கங்களின் கனத்தை வைத்துக் கணித்துக்கொண்டிருந்தேன். பூதம் சாகும் இடத்தை அவள் கண் கலங்காமல் தாண்டினாள். அழுவதற்கு அதில் நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.